பிளேஆஃப் சண்டை: கொஞ்சம் நிறுத்துங்கள்

நண்பர்களே, ஐஸ் ஹாக்கி பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று) பற்றி நேற்று இரவு முழுக்க நம் குழுவில் ஒரே தகராறு: கோல் அடிக்காதவன் கோழையா? ஆட்டத்தைத் திட்டுங்கள், தாராளமாக. பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) பறிகொடுத்துவிட்டுத் தடுக்கத் திரும்பாமல் நின்றால் நானும் சேர்ந்து திட்டுவேன். ‘பயந்தாங்கொள்ளி’ மட்டும் வேண்டாம். பிளேஆஃப் நேரத்தில் அணிகள் காயத்தை மூடி மறைக்கும். ‘மேல் உடம்பில் அடி’ என்பதோடு சரி. 2004இல் பாஸ்டன் அணியின் ஜோ தார்ன்டன் மான்ட்ரியல் அணிக்கு எதிராக 7 பிளேஆஃப் ஆட்டங்களில் ஒரு புள்ளிகூட (கோலோ, கோலுக்கு உதவிய பாஸோ) எடுக்கவில்லை. கிடைத்தது வசைதான். மனிதர் விலாக் குருத்தெலும்பு கிழிந்த நிலையில் ஆடியிருக்கிறார்! 2005 நவம்பரில் அவரைச் சான் ஹோசே அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அதே சீசனில் லீகின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை வாங்கினார். (பாஸ்டன் ரசிகர்கள் மன்னிக்கவும்.) அப்புறம், வீரரின் குடும்பத்தை இழுத்த பதிவுகளை நீக்கிவிட்டேன்.