வலது கை கொடுக்காவிட்டால் உடனே தொடைதானா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கேத் லேப் (இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனைக் கூடம்) பொறுப்பு மருத்துவர்களுக்கு,

வணக்கம். இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோவுக்கு வலது மணிக்கட்டில் குத்துகிறோம். அங்கே கட்டைவிரல் பக்கம் ஓடும் ரேடியல் தமனி இறுகிப்போனாலோ வயர் ஏறாவிட்டாலோ உடனே தொடையைத் துடைக்கச் சொல்லிவிடுகிறோம். இடது கை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. தொடையில் குத்தினால் 4 முதல் 6 மணி நேரம் காலை நீட்டியபடி படுத்திருக்க வேண்டும். மறுநாள் அஞ்செட்டி மலைப்பாதையில் பஸ்ஸில் குலுங்கிப் போகிறவருக்கு அந்தக் காயம் தேவையா?

இடது கையில் கட்டைவிரலுக்கு அடியில், புறங்கைப் பக்கம் விழும் குழியைப் பாருங்கள். ரேடியல் அதன் வழியாகவும் ஓடுகிறது, அங்கே குத்தலாம். நெதர்லாந்து மருத்துவர் கீமெனெய் 2017-இல் எழுதிய பிறகே இந்த வழி பரவியது. நோயாளி கட்டைவிரலை உள்ளே மடக்கிப் பொத்திக்கொண்டால் குழாய் மேலெழும். கையை வயிற்றின்மேல் வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் நாம் குனிய வேண்டாம். ஊசி குழாயின் முன்சுவரைத் துளைத்ததோடு நிற்கட்டும். அடியிலுள்ள எலும்பில் இடித்தால் ஆள் துள்ளுவார், குழாயும் சுருங்கும். மரப்பு மருந்தை அள்ளிப் போட்டால் தோல் உப்பித் துடிப்பே மறைந்துவிடும். குழாய்க்குள் செருகும் உறையான ஷீத்தில் 6 ஃபிரெஞ்ச் அளவின் வெளிவிட்டம் சுமார் 2.5 மி.மீ.; இங்கே குழாய் பலருக்கு அதைவிடச் சிறியது. அளந்துவிட்டு எடுங்கள், ஆஞ்சியோ மட்டும் என்றால் 5 போதும். பைபாஸில் இடது மார்புத் தமனியை வைத்துத் தைத்தவருக்கோ, அந்த ஒட்டுக்குழாயை (கிராஃப்டை) பார்க்க இடது கைதான் நேர்வழி.

எந்தக் கையானாலும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினைப் போடாமல் விடக் கூடாது. கிலோவுக்கு 50 யூனிட், வழக்கமாக 5000. முடிந்ததும் குத்திய இடத்தை அழுத்தப் போடும் காற்றுப் பேண்டை இறுக்கி வைத்து மறந்தாலும் குழாய் அடைக்கும். துடிப்பைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள், சுண்டுவிரல் பக்கத் தமனியான அல்நாரின் ரத்தம் உள்ளங்கை வழியே சுற்றி வந்தும் துடிக்கும். கட்டைவிரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, அல்நாரை அழுத்துங்கள். திரையில் துடிப்பு அலை படுத்துவிட்டால் ரேடியலில் ரத்தம் ஓடவில்லை; அலை எழும்வரை பேண்டில் காற்றைக் குறையுங்கள். ரத்தம் கசியாத அளவில் நிறுத்துங்கள்.

ரேடியல் அடைத்த கையிலேயே அல்நாரில் குத்துவதை நாங்கள் தவிர்க்கிறோம். விரல்களுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய வழி அதுதான். பக்கத்திலேயே நரம்பும் ஓடுகிறது.

தொடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. டயாலிசிஸ் நெருங்குகிறவருக்கு ரேடியல் என்பது நாளைய ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியைச் சிரையோடு இணைப்பது), அங்கே நாங்களும் தொடைக்கே போவோம். ஆனால் தோல் மடிப்பை நம்பிக் குத்தாமல், தொடை எலும்பின் தலைக்கு நேராக, அல்ட்ராசவுண்டில் பார்த்துக் குத்த வேண்டும். மேலே போனால் ரத்தம் வயிற்றுக்குப் பின்னால் தேங்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது, முதுகுவலியும் பிரஷர் இறக்கமும்தான் காட்டிக்கொடுக்கும்.

கேட்பது இரண்டே. முந்தின நாள் ரவுண்ட்ஸில் இரண்டு கையையும் பார்த்து முதல் வழி, இரண்டாம் வழி என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். ரத்தக்குழாய் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் லீனியர் ப்ரோப் ஒன்றை ஸ்கேன் அறையில் பூட்டாமல் கேத் லேப்பிலேயே வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
கேத் லேப் பணியாளர்கள்