கோடைக்கு வாருங்கள் அப்பா

லூனன்பேர்க்,
நோவா ஸ்கோஷியா, கனடா.
18 மே

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீங்கள் இருவரும் நலமாயிருக்க முத்துமாரி அம்மன் துணை.

விசா வந்துவிட்டது என்று தம்பி சொன்ன இரவு எனக்கு நித்திரையே வரவில்லை. "ரொறன்ரோவில் பெரியப்பா வீட்டில் நின்றுவிட்டு அவளிடம் நாலு நாள் போனால் போதும், அந்தச் சின்ன ஊரில் பார்க்க என்ன இருக்கிறது" என்று அப்பா கேட்டீர்களாம். நாலு நாள் போதாது அப்பா. யூலை முழுவதும் என்னோடு நில்லுங்கள்.

ஊர் சின்னதுதான். 2,400 பேர் அளவில் இருக்கிறோம். ஹலிபாக்ஸிலிருந்து காரில் ஒரு மணி நேரம். ஆதியில் மிக்மாக் என்ற பூர்வீகக் குடிகளின் கரை. 1753இல் பிரித்தானியர் ஜேர்மனி, சுவிட்சர்லாந்துப் பக்கத்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கி, துறைமுகத்துக்கு மேலே உள்ள சரிவில் நூல் பிடித்த மாதிரித் தெருக்களை வெட்டினார்கள். அந்தத் தெருக்கள் இன்றைக்கும் அப்படியே இருப்பதால் யுனெஸ்கோ 1995இல் இதை உலக மரபுரிமை என்று அறிவித்தது. கமம் செய்ய வந்த சனம் மெல்ல மெல்லக் கடலுக்கு இறங்கி, கப்பல் கட்டி, கப்பல் ஓட்டிப் பெயர் எடுத்தது. இதை, கப்பல் கட்டி ஓட்டிய வல்வெட்டித்துறையில் பிறந்த எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் வந்ததும் முதலில் கூட்டிப்போகப் போவது கரையோரம் உள்ள ஒரு பழைய பட்டறைக்கு. 1917இலிருந்து அங்கே டோரி என்ற சின்ன வள்ளம் கட்டுகிறார்கள். அடி தட்டை, பக்கப் பலகைகள் வெளியே விரிந்து ஏறும். உட்காரும் பலகைகளைக் கழற்றிவிட்டு ஒன்றுக்குள் ஒன்றாக, கிண்ணம் அடுக்குவதுபோல் கப்பல் தட்டில் அடுக்கலாம். உள்ளே நுழைந்ததும் மரத்தூள் மணம் வந்தது. எனக்கு உங்கள் சாரத்தில் அடிக்கிற மணம் ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

அப்புறம்தான் வள்ளத்துக்கு விலா எலும்புபோல் நிற்கும் வங்குகளைக் கவனித்தேன். ஹக்மடாக் என்று ஒரு மரம். அதன் அடிமரம் வேராக வளைகிற இடத்தை அப்படியே வெட்டி எடுத்து, அந்த இயற்கை வளைவிலேயே வங்கு செய்கிறார்கள். பூவரசிலும் வேம்பிலும் வளைந்த கொப்பைத் தேடி நீங்கள் வளவு வளவாக அலைவீர்களே, அதே வேலை! "நேர் மரத்தை வளைத்து அறுத்தால் நார் அறுந்துபோகும், வளர்ந்த வளைவு உடையாது" என்று நீங்கள் சொல்வதை அங்கிருந்தவரிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் அப்பா எப்போது வருகிறார் என்று கேட்டார். ஊரில் பைபர் வள்ளம் வந்தபிறகு உங்களை யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இரண்டாவது, சிவப்புக் கட்டடங்களில் இருக்கும் மீன்பிடி அருங்காட்சியகம். அதன் துறையில் தெரேசா ஈ. கோனர் என்ற பாய்க்கப்பல் கட்டி நிற்கிறது. டோரிகளை ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போவார்கள். ஒரு டோரிக்கு இரண்டு பேர் இறங்கி, தூண்டில் கயிறு விட்டுப் பிடித்த கொட் மீனைப் பிளந்து, உப்பிட்டுக் கப்பலிலேயே அடுக்குவார்கள். அந்தக் கருவாடு கரீபியன் தீவுகள் வரை போயிருக்கிறது. 1963இல் இந்தக் கப்பலுக்கு ஆள் கிடைக்காமல் அந்தத் தொழில் நின்றுபோனது. கடலுக்குப் போய் வயதான மனிதர்கள்தான் அங்கே நின்று எல்லாம் சொல்லிக் காட்டுகிறார்கள். உங்களுக்கு அங்கே ஒரு முழு நாள் வேண்டும்.

அந்தக் கப்பல் கட்டிய ஆண்டு 1938. அதைப் பலகையில் வாசித்தபோது மெய்சிலிர்த்தது. அம்மப்பா சொல்லுகிற அன்னபூரணிக் கதைதான் காரணம். நம் ஊரில் கட்டிய கப்பல், ஒரு அமெரிக்கர் வாங்கி, நம் ஊர் மாலுமிகளே ஓட்டிப்போய் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்களே. குளொஸ்டர்க்காரருக்கும் லூனன்பேர்க்காரருக்கும் அந்த நாளில் பாய்க்கப்பல் பந்தயம். அதே ஆண்டு ஒக்டோபரில் இந்த ஊரின் புளூநோஸ் என்ற பாய்க்கப்பல் தன் கடைசிப் பந்தயத்தை குளொஸ்டர்க் கப்பலோடுதான் ஓடி வென்றது. 1921இல் இங்கே கட்டிய கப்பல் அது. 1946இல் ஹெயிட்டிக் கரையில் பாறையில் மோதி அழிந்தது. 1963இல், அதைக் கட்டிய அதே கப்பல் பட்டறையில் இரண்டாவது புளூநோஸைக் கட்டினார்கள். கோடையில் அது ஊரில் நிற்கும் நாட்களில் சீட்டு எடுத்து ஏறலாம். மூன்று பேருக்கும் எடுத்துவைப்பேன். கனடாவின் பத்துச் சத நாணயத்தில் இருப்பது அந்த முதல் புளூநோஸ்தான். ஒன்றை இந்தக் கடதாசியின் மூலையில் ஒட்டியிருக்கிறேன், பாருங்கள்.

அம்மாவுக்கும் இடம் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலையில் சந்தை கூடும். கீரை, தேன், பாண், பூக்கள் எல்லாம் வரும். வீடுகள் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று இருக்கும். வாசலுக்கு மேலே மாடி யன்னல் புடைத்து நிற்பது இந்த ஊர்க் கட்டட வேலை. ஏற்றத்தில் முழங்கால் நோகும் என்று பயப்பட வேண்டாம், குதிரை வண்டி ஓடுகிறது. கரையில் திசைகாட்டி வடிவில் கருங்கல் தூண்கள் நட்டு, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். 1926, 1927 ஆகஸ்ட் புயல்களில் போனவர்கள் நிறைய. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும். சின்ன மாமாவை நினைத்து அம்மா அங்கே நிற்கப் போகிறா என்று தெரியும். நானும் பக்கத்தில் நிற்பேன்.

பேரன் தன் பங்குக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறான். கொஞ்சத் தூரத்தில் ஓவன்ஸ் என்று கடற்குகைகள். 1861இல் அங்கே தங்கம் கண்டெடுத்தார்கள். இப்போதும் தட்டில் மணலை அரித்துத் தேட விடுகிறார்கள். தன் அம்மப்பாவான உங்களுக்குத் தங்கம் எடுத்துக் கொடுக்கவேண்டுமாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சிங்கி றால் பிடிக்கும் காலம் எங்கள் பக்கத்தில் நவம்பர் கடைசியில் தொடங்கி மே முடிவோடு சரி. அதனால் இப்போதே கொஞ்சம் வாங்கிக் குளிரூட்டியில் வைக்கிறேன். சூடை மாதிரி ஹெரிங் மீனை வினாகிரியிலும் வெங்காயத்திலும் ஊறவைத்துப் போத்தலில் விற்கிறார்கள். சோறோடு நன்றாயிருக்கும், அப்பாவுக்குப் பிடிக்கும்.

கடலில் குளிக்க முடியாது. யூலையிலும் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். காலையில் பனிப்புகார் இறங்கினால் எதிர்க்கரை தெரியாது. ஆனால் மாலை ஒன்பது மணிக்கு அருகில்தான் இருட்டும். வேலை முடிந்து வந்து உங்களோடு துறையில் இருக்க எனக்கு நேரம் கிடைக்கும்.

அம்மா, ஒடியல் மா கொஞ்சம் கொண்டுவாருங்கள். இருவருக்கும் கம்பளிச் சட்டை ஒவ்வொன்று. அப்பா, மரம் செதுக்கும் உங்கள் வாய்ச்சியைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். பட்டறைக்காரர் அதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் அன்பு மகள்