கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் வெருகல் ஆற்றங்கரைக்கும் கரவனில் வருவோருக்கு இராத் தரிப்பிடமும் நடைபாதையும் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த் தாங்கி ஆகியவை பொருத்திய கரவன் வண்டியில் குடும்பமாகப் பயணம் செய்யும் மட்டக்களப்பு மாவட்ட வாசிகளாகிய நாங்கள், தங்கள் மாவட்டத்தில் காலையில் கன்னியாவில் நீராடி மாலையில் வெருகல் ஆற்றங்கரையில் நடந்து கழித்த ஒரு நாளின் அனுபவத்தைக் கொண்டு, இவ்விரு இடங்களிலும் எங்களைப் போன்றோர் பிறருக்கு இடைஞ்சலின்றித் தங்கிச் செல்ல ஒழுங்கு செய்து தருமாறு இம்மனுவைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கின்றோம்.

திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதியில் சுமார் 8 கிலோமீற்றர் தொலைவில் உள்ள கன்னியாவைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் எங்கள் வேண்டுகோளின் நியாயம் அந்த இடத்தின் தன்மையிலேயே அடங்கியிருப்பதால் சிலவற்றைக் குறிப்பிட அனுமதிக்க வேண்டும். அங்குள்ள ஏழு கிணறுகளும் இறங்கிக் குளிக்கும் தடாகங்கள் அல்ல. இடுப்பளவே ஆழமான அவற்றின் கட்டோரம் நின்று வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒன்றில் இதமாக இருக்கும் நீர் அடுத்ததில் தோளைச் சுடும். எங்கள் தாயார் ஒவ்வொரு கிணற்றிலும் முதலில் புறங்கையை நனைத்துப் பார்த்த பின்னரே வாளியைத் தூக்கினார். எரிமலை இல்லாத நம் நாட்டில், மழைநீர் தொன்மையான பாறைகளின் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, மீண்டும் மேலே வருவதனாலேயே இவ்வூற்றுகள் உண்டாகின்றன. ஆகவே சுற்றுப்புற நிலத்தில் நாம் எதைக் கொட்டுகின்றோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் குத்தி உண்டாக்கியவை என்று தலைமுறை தலைமுறையாக நம்பப்படும் இக்கிணறுகளுக்கு, இறந்தோருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைகளுக்காகவும் ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செலுத்தவும் மக்கள் வருகின்றனர். துக்கம் சுமந்து ஈர வேட்டியுடன் நிற்கும் ஒருவரின் பக்கத்தில், உல்லாசமாக வந்தவர்கள் வாளிக்காக முண்டியடிப்பது எவருக்கும் அழகன்று. கரவனில் வருவோர் அருகில் எங்காவது இரவைக் கழிக்க முடிந்தால், கூட்டம் சேரும் முன்னர் விடியற்காலையிலேயே நீராடிவிட்டு இடத்தை விட்டுக் கொடுக்கலாம். அதற்கு இன்று வழியில்லை. அநுராதபுரம் வீதியில் பன்குளம், மொறவெவ பக்கங்களில் யானைகள் நடமாடுவதால் இருட்டில் வண்டி ஓட்டுவதும் பாதுகாப்பானதல்ல. நாங்கள் ஓர் எரிபொருள் நிரப்பு நிலையத்தின் ஓரத்தில், உரிமையாளரின் அனுமதியுடன், அரைத் தூக்கத்தில் இரவைக் கழித்தோம்.

எங்களை அதிகம் உறுத்தியது கழிவுநீர். கரவன் வண்டியில் பாத்திரம் கழுவிய நீரும் மலசலகூடக் கழிவும் வெவ்வேறு தாங்கிகளில் சேரும்; அவற்றை வெறுமையாக்க முறையான இடமில்லாதபோது, பொறுப்பற்ற ஒருவர் வீதியோர வாய்க்காலில் திறந்துவிட்டால் அது வயலுக்கோ குளத்துக்கோ போய்ச் சேரும். கன்னியாவின் வடிகாலில் சம்போப் பைக்கற்றுகள் ஒட்டிக்கிடந்ததைக் கண்ட எங்களுக்கு, இந்த அச்சம் மிகையாகத் தோன்றவில்லை.

கன்னியா தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பிலுள்ள இடமாகையால், கிணறுகளின் அருகே எந்தக் கட்டுமானமும் எழுப்பும்படி நாங்கள் கேட்கவில்லை. மாறாக, பிரதான வீதியை அண்டியும் கிணறுகளிலிருந்து போதிய தூரத்திலும் உள்ள அரச காணியொன்றில், பத்துக்குட்பட்ட வண்டிகள் கட்டணம் செலுத்தி இரவில் தரித்து நிற்கக்கூடியதாக, குடிநீர்க் குழாய், மின்விளக்கு, கழிவை ஊற்றும் மூடிய குழி, குப்பைத் தொட்டி ஆகியவற்றுடன் ஒரு தரிப்பிடத்தை ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கின்றோம். ஒவ்வொரு கிணற்றின் வெப்பநிலையையும் அளந்து மும்மொழியிலும் எழுதி வைத்தால், முதியோரும் இருதய நோயாளரும் தமக்கு ஏற்ற கிணற்றைத் தெரிவு செய்ய அது பேருதவியாக இருக்கும்.

வெருகலைப் பற்றிய வேண்டுகோள் சிறியது. கிண்ணியா, மூதூர் வழியே மட்டக்களப்புக்குச் செல்லும் வீதியில் முன்னர் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுகளுக்காகக் காத்திருந்த துறைகளில் இன்று பாலங்கள் இருப்பதால், கன்னியாவில் காலை நீராடியவர் வெயில் தாழ்வதற்குள் சித்திர வேலாயுத சுவாமி கோயிலடியை அடைந்துவிடலாம். மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு அங்கே கடலை நெருங்கி, அவசரமின்றி ஓடுகின்றது. மருத மர நிழலில் ஆற்றோரமாக நடப்பதைவிடப் பயணக் களைப்புக்கு நல்ல மருந்து எங்களுக்குத் தெரியாது. ஆனால் எதுவரை நடக்கலாம், எங்கே கரை இடிந்திருக்கின்றது, எங்கே முதலை வரும் என்பதை ஊரார் சொல்லித்தான் வெளியூரார் அறிய வேண்டியுள்ளது. மாடு கட்ட வந்த ஒரு பெரியவர் எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்தியிராவிட்டால், அவர்கள் நீர்விளிம்பு வரை இறங்கியிருப்பார்கள். கோயிலின் உற்சவத்துக்கும் அடியார் நீராடும் துறைக்கும் இடையூறு வராதபடி, சீமெந்து இடாமல் மண்பாதையாகவே ஒரு நடைவழியைக் குறித்து, முதலை எச்சரிக்கைப் பலகைகளை நாட்டினால் போதுமானது. கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் ஆறு கரை புரளும் பகுதி அது என்பதால் நிரந்தரக் கட்டடம் எதுவும் அங்கே வேண்டியதில்லை.

தரிப்பிடக் கட்டணம் உரிய பிரதேச சபைக்கே செல்ல வேண்டும் என்பதும், பராமரிப்பு வேலை அயலூர் இளைஞருக்கும் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதும் எங்கள் விருப்பம். கரவனில் வருவோர் மீனும் தயிரும் காய்கறியும் அந்தந்த ஊரிலேயே வாங்கிச் சமைப்பவர்கள். ஒரு மணி நேரம் நின்று படம் எடுத்துப் போவோரைவிட, ஓர் இரவு தங்குபவரால் ஊர்ச் சந்தைக்கு வரும்படி அதிகம்.

ஆகவே பட்டினமும் சூழலும், வெருகல் ஆகிய பிரதேச செயலாளர்களையும், தொல்பொருள் திணைக்கள உத்தியோகத்தர்களையும், கிரியைகள் நடத்தும் குருமார்களையும் அழைத்து ஒரு கள ஆய்வு நடத்தி, மே மாதத்தில் பயணிகள் வருகை பெருகுமுன் தங்கள் முடிவை எழுத்து மூலம் அறியத் தருமாறு வேண்டுகின்றோம். கள ஆய்வு நாளில் எங்கள் வண்டியைக் கொண்டுவந்து, தாங்கிகளின் அளவையும் கழிவு வெளியேற்றும் முறையையும் நேரில் காட்ட ஆயத்தமாக இருக்கின்றோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்கள்,
மட்டக்களப்பு.