குளிரில் நின்றுபோன நீராவி ரயிலும் மேல்தாள் ஒட்டிய காஸ் டின்களும்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

உங்கள் கொள்ளுப்பிட்டிக் கிளையில் நான் வாங்கிய நீராவி மொடல் ரயில் இயந்திரத்தைப் பற்றி உங்களுக்கே நன்றாகத் தெரியும் என்பதால் நீட்டி விவரிக்கவில்லை. கண்ணாடி அலுமாரியில் மேல்தட்டில் இருந்ததே, பச்சை நிறம், 45 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் ஓடுவது, அதுதான். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன். தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்லி என் வாய் நொந்துபோய்விட்டது. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

வாங்கும்போதே சொன்னேன், இது கொழும்பில் ஓட்டுவதற்கல்ல என்று. இங்கே இருக்கிற வெக்கையில் புகைபோக்கியால் வரும் நீராவி கண்ணில் படுவதற்குள் காற்றோடு கரைந்துவிடும். வெள்ளை வெள்ளையாகப் பொங்கிக்கொண்டு வருவதைப் பார்க்கக் குளிர் வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனர் வீட்டுப் பின்வளவில் பனியைத் தள்ளிவிட்டு அந்தக் குளிரிலும் ஓட்டுகிறார். நமக்கு நுவரெலியாவை விட்டால் வேறு எங்கே போக்கிடம்? தை மாத விடியலில் அங்கே புல்லில் உறைபனி படியும். ஆகையால் பொயிலரைச் சூடாக்க நூற்றுக்கு பியூட்டேன் 70, புரொப்பேன் 30 என்று கலந்த காஸ் டின்கள்தான் வேண்டும், வெறும் பியூட்டேன் சரிவராது என்று உங்கள் விற்பனையாளரிடம் தெளிவாகக் கேட்டேன். "எல்லாம் மிக்ஸ்தான் சேர், பயப்படாமல் கொண்டு போங்க" என்றார். டின்னில் ஒட்டியிருந்த தாளும் அதையேதான் சொன்னது.

சரி, நம்பிப் போனோம். குடும்பமாகப் போனோம். பங்களா எடுத்து, தண்டவாளத்தைப் புல்வெளியில் வளையமாகப் பூட்டி, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, விடியக்காலையில் பற்றவைத்தேன். முதலில் நீலமாக நன்றாகத்தான் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் சுவாலை சுருங்கத் தொடங்கியது. சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தலில் பாதுகாப்பு வால்வு திறக்கும் என்று உங்கள் கையேடு சொல்கிறது. அழுத்தமானியின் முள் 20ஐத் தாண்டவே இல்லை. காஸ் டாங்கியைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. வெந்நீரில் நனைத்த துணியை டாங்கியில் சுற்றியதும் சுவாலை எழும்பியது, இயந்திரம் ஒரு சுற்று ஓடியது, துணி ஆறியதும் படுத்துவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கோளாறு பொயிலரிலும் இல்லை, பர்னரிலும் இல்லை. காஸில்தான்.

பிறகு பார்த்தால், பனி ஈரத்தில் டின்னில் இருந்த தாளின் ஓரம் கிளம்பியிருந்தது. உரித்தேன். உள்ளே டின்னிலேயே அச்சடித்திருந்தது வெறும் பியூட்டேன். மற்ற டின்களிலும் அதே கதை.

பியூட்டேன் கொதிப்பது பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழே. புரொப்பேன் கொதிப்பது பூச்சியத்துக்கு 42 பாகை கீழே. காஸ் ஆவியாகும்போது தன் டாங்கியின் சூட்டையே உறிஞ்சிக்கொள்வதால் டாங்கி வெளிக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அப்புறம் வெறும் பியூட்டேனில் அழுத்தம் எங்கிருந்து வரும்? இயந்திரம் விற்கிற உங்களுக்கு இதை நான் படிப்பிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

உங்கள் வாடிக்கையாளர் சேவை இலக்கத்தில் பேசிய அந்தத் தம்பிக்கு வருகிறேன். பாட்டுப் போட்டுக் காக்க வைத்த பிறகு வந்து, "அங்கிள், இது விளையாட்டுச் சாமான்தானே, ஏன் குளிருக்குக் கொண்டு போனீங்க?" என்றார். விளையாட்டுச் சாமானுக்கா அந்த விலை? நான் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினேன். உடனே, உயரமான இடத்தில் காற்று குறைவு, அதுதான் காரணம் என்றார். நுவரெலியா 1868 மீற்றர், காற்றழுத்தம் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் வெளி அழுத்தம் குறைந்தால் காஸ் வெளியேறுவது கொஞ்சம் இலகுவாக வேண்டுமே தவிர நின்றுபோகாது. அதையும் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் நீங்கள் நின்று வாசிக்க வேண்டும்: "அப்படியென்றால் டாங்கிக்கு லைட்டரால் கொஞ்சம் சூடு காட்டுங்க."

காஸ் நிரம்பிய டாங்கிக்கு நெருப்புக் காட்டச் சொல்கிறார்! பக்கத்தில் என் பேரப்பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். கைபொறுக்கும் வெந்நீரைத் தவிர வேறெதையும் அதற்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது என்பது இதை ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்றுதானே முதலில் அறிவிக்கிறீர்கள்? எடுத்துக் கேளுங்கள்.

கொழும்புக்கு வந்ததும் கிளைக்குப் போனேன். தொழில்நுட்பப் பிரிவு பேலியகொடைக் களஞ்சியத்தில்தான் என்றார்கள். டின்களை காரில் மூடி வைக்கவும் பயம், ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் பேலியகொடை போனால், காவலாளி உள்ளே விடவில்லை. வெளியே வந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "கொள்ளுப்பிட்டியில் வாங்கினால் கொள்ளுப்பிட்டியில்தான் கொடுக்கணும்" என்றார். கொள்ளுப்பிட்டியில் திரும்பவும் பேலியகொடை. என்னைப் பந்தாக்கி அடித்து விளையாடியது போதும்.

சொல்ல மறந்துவிட்டேன், சிலிண்டர் தேயாமல் இருக்க விடும் நீராவி எண்ணெயும் பெட்டியில் இல்லை. கேட்டதற்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும் என்றது கிளையில் இருந்த பெண்பிள்ளை. அந்த மெல்லிய எண்ணெயை நீராவி ஒரேயடியாகக் கழுவிக்கொண்டு போய்விடும், சிலிண்டர் வறண்டு கீறல் விழும். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

என் நட்டத்தை எப்படிக் கணக்கிடுவது? ரயில் கட்டணம், பங்களா வாடகை, சாப்பாடு ஒருபுறம். இந்த வருடக் குளிரே போய்விட்டது, அடுத்த தை வரை அந்த இயந்திரம் அலுமாரிப் பொம்மைதான். மைத்துனருக்கு வீடியோ அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு இப்போது அவருடைய அழைப்பையே எடுக்க முடியவில்லை. இலட்சக் கணக்கில் கேட்டாலும் தகும். ஆனாலும் நான் கேட்பது நியாயமானதுதான்: டின்களுக்கான முழுப் பணமும் பயணச் செலவும், எழுத்தில் உறுதிப்படுத்திய கலவைக் காஸ், சரியான தடிப்பில் நீராவி எண்ணெய், எல்லாம் வெள்ளவத்தையில் என் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். இனி நான் எங்கும் அலைய மாட்டேன். லைட்டர் யோசனை சொன்னவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த ஒட்டுத்தாளை யார் ஒட்டினார்கள் என்பதற்கும் பதில் வேண்டும்.

உங்கள் நிறுவனத்தின்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. உங்களிடம் முன்பும் பொருள் வாங்கியிருக்கிறேன், நன்றாகவே இருந்தது. தயவுசெய்து 14 நாட்களுக்குள் தீர்த்துவையுங்கள். இல்லாவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு உரித்த தாளோடும் டின்களோடும் போவேன். 1977 என்ற அவர்களுடைய இலக்கம் ஏற்கெனவே என் கைபேசியில் இருக்கிறது. உரித்த தாள்களைப் படம் எடுத்தும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(கையொப்பம்)
வெள்ளவத்தை, கொழும்பு 06

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, டின்களின் படங்கள். டின்கள் என்னிடமே இருக்கும், பேலியகொடைக்கு அனுப்பச் சொல்ல வேண்டாம்.