மனுவும் கேலியும்: பாலுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாலு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம். எனக்கு மூட்டுவலி இப்போது தேவலாம்.

வீட்டோடு கிடந்த நாட்களில் பழைய ஆங்கிலேயக் கேலிச்சித்திரங்களை ஆசை தீரப் பார்த்தேன். நீ ஓவியம் படித்தவன், உன்னிடம்தான் பேசத் தோன்றுகிறது.

1819 டிசம்பரில் ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க் வரைந்த படம் ஒன்று. மன்னருக்குப் பதிலாக ஆண்டுகொண்டிருந்த இளவரசர், விசுவாசப் பத்திரம் வாசிக்க வந்தவர்களுக்குக் கையை நீட்டுகிறார். சீர்திருத்தம் கேட்டு மனுவோடு நிற்பவர்கள் பக்கமோ பின்புறத்தைத் திருப்பிக் காற்று விடுகிறார்! நாலு மாதத்துக்கு முன்புதான் மான்செஸ்டரில், பீட்டர்லூவில், வாக்குரிமை கேட்டுக் கூடிய ஜனங்களுக்குள் குதிரைப்படை புகுந்து வெட்டியிருந்தது. அந்தக் கோபம் கோட்டுக்குக் கோடு தெரிகிறது. மறுவருஷமே, அதற்குள் அரசராகிவிட்ட அந்த இளவரசரை அசிங்கமாக வரையக் கூடாது என்று க்ரூக்‌ஷாங்குக்கு 100 பவுண்டு கொடுத்தார்கள். அவரும் வாங்கிக்கொண்டார்.

ஆனால் 1848-க்குள் கேலியின் திசையே மாறிவிட்டது, பாலு. ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு உட்பட ஆறு கோரிக்கைகளுக்காகப் போராடிய தொழிலாளர் இயக்கத்தார், அதாவது சார்ட்டிஸ்டுகள், ஏப்ரல் 10 அன்று நாடாளுமன்றத்துக்கு மனு கொண்டுபோனார்கள். 57 லட்சம் கையெழுத்து என்றார் அவர்களுடைய தலைவர் ஓகானர். குமாஸ்தாக்களை உட்காரவைத்து எண்ணி, மூன்றே நாளில் 19,75,496 என்று அறிவித்தார்கள். அதிலும் ‘விக்டோரியா ரெக்ஸ்’ (ராணிக்கு ‘ராஜா’ என்று பட்டம்!), வெலிங்டன் பிரபு, சப்பைமூக்கன் என்றெல்லாம் பொய்ப்பெயர்கள். ‘பஞ்ச்’ போன்ற கேலிப் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

ஓகானர் ஊதிப் பெருக்கியது தப்பு, அதை நான் மறைக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து பொய்ப்பெயர் போட்டவனும் இருந்திருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சரி, எல்லாப் பொய்யையும் கழித்துவிடு. மிச்சம் எத்தனை லட்சம் பேர்! 1832-இல் வந்த வாக்குரிமைச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடையாது. ஆட்சியாளர்களிடம் தன் பெயரைச் சொல்ல அவர்களுக்கு இருந்த ஒரே தாள் அந்த மனு. 1819-இல் மனுவை அவமதித்தவரைப் பார்த்துச் சிரித்த கலை, 1848-இல் மனு கொடுத்தவனைப் பார்த்துச் சிரித்தது எனக்கு ஆறவே இல்லை. அவர்கள் கேட்ட ஆறு கோரிக்கைகளில் ஐந்து பிற்பாடு சட்டமாகிவிட்டன. வருஷாவருஷம் தேர்தல் என்பது மட்டும்தான் நடக்கவில்லை.

அந்த மனுவில் நிஜப் பெயரைப் போட்ட ஒரு நெசவாளியையோ, தையல்காரியையோ, யாராவது மரியாதையோடு வரைந்திருக்கிறார்களா? உன் கண்ணில் பட்டால் அவசியம் எழுது.

அன்புடன்,
சேகர்