மதுரைக்கு ஏற்றபடி சாய்க்க முடியாத மவுண்ட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
அப்பன்திருப்பதி, மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

வணக்கம். கடந்த டிசம்பரில் தங்களிடம் 48,000 ரூபாய் கட்டி ஈக்குவட்டோரியல் மவுண்ட் ஒன்று (டெலஸ்கோப்பைத் தாங்கி, நட்சத்திரங்களின் நகர்வுக்கு ஏற்ப மோட்டாரால் திருப்பும் கருவி) வாங்கினேன். ‘இந்தியாவின் எந்த ஊரிலும் பயன்படுத்தலாம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். எங்கள் ஊரில் பயன்படுத்த முடியவில்லை. மோட்டார் நன்றாக ஓடுகிறது, கியரிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. சாய்வில்தான் சிக்கல்.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்கின்றன. அதற்கு ஈடுகொடுத்து டெலஸ்கோப் திரும்ப வேண்டுமானால், மவுண்டின் அச்சு வானத்தின் வட துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி சாய்வு. மதுரைக்கு 10 டிகிரி. எங்கள் மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தால், அழகர்மலைக்குச் சற்று மேலே அவ்வளவு தாழ்வாகத்தான் துருவ நட்சத்திரம் தெரியும். நீங்கள் அனுப்பிய மவுண்டின் சாய்வு அளவுகோலோ 20 டிகிரியில்தான் தொடங்குகிறது. சாய்வுத் திருகாணியை முழுக்கத் தளர்த்தினாலும் அங்கேயே இரும்போடு இரும்பு முட்டி நின்றுவிடுகிறது. முட்டிய இடத்தில் பெயிண்ட் உரிந்திருப்பதைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

தங்கள் சேவை மையத்தில் பேசியவர், “நிலா நன்றாகத்தானே வருகிறது?” என்று கேட்டார். வரத்தான் செய்யும். நிலாவுக்கு ஒரு நொடியின் சிறு பங்கு போதும். வியாழனுக்கும் சின்னதாக ஒரு வீடியோ எடுத்து, அதில் தெளிவான ஃபிரேம்களை மட்டும் பொறுக்கி அடுக்கினால் சரி. இந்த மவுண்டை நான் வாங்கியது நெபுலாக்களை, அதாவது விண்வெளியின் வாயு, தூசி மேகங்களைப் படம் எடுப்பதற்காக. ஓரியன் நெபுலாவின் மங்கலான ஓரங்கள் விழ வேண்டுமென்றால் 30 விநாடி, ஒரு நிமிடம் என்று ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அச்சு 10 டிகிரி விலகியிருந்தால், வானத்தின் சில திசைகளில் விநாடிக்கு 2.6 விகலை (ஒரு விகலை என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) வரை படம் நழுவும். 30 விநாடியில் நட்சத்திரம் புள்ளியாக விழாமல், வானில் நமக்குத் தெரியும் வியாழனின் விட்டத்தைவிட நீளமான கோடாக விழுகிறது. அப்படிப்பட்ட படங்களை எத்தனை அடுக்கினாலும் பயனில்லை.

அப்புறம், அச்சின் சாய்வைக் குறைக்க, மவுண்ட் நிற்கும் டிரைபாடின் (முக்காலியின்) தெற்குப் பக்கத்து இரண்டு கால்களுக்கும் அடியில் செங்கல் வைக்கச் சொன்னார். கணக்குப்படி இரண்டு செங்கல் உயரம் வேண்டும். டெலஸ்கோப், கேமரா, கவுன்ட்டர்வெயிட் எல்லாம் ஏற்றிய டிரைபாடை அப்படிச் சாய்த்து வைத்தால், மாடிக் காற்று ஒருமுறை பலமாக அடித்தாலே வடக்கே கவிழ்ந்துவிடும். இதை ஒரு தீர்வாக என்னால் ஏற்க முடியாது.

இது மதுரைக்காரனுக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை. சென்னையும் பெங்களூருவும் 13 டிகிரி, ஹைதராபாத் 17, மும்பை 19. தமிழ்நாடு முழுவதுமே 8-லிருந்து 14 டிகிரிக்குள் அடங்கிவிடும். இத்தனை ஊர்களிலும் சரியாக நிறுத்த முடியாத கருவியை எந்த ஊரிலும் பயன்படுத்தலாம் என்று விற்பது தவறான விளம்பரம்.

இங்கே வானம் தெளிந்திருப்பது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான். அந்த மாதங்களில் பாதி வீணாகிவிட்டது. ஏப்ரலில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து தெற்கே 32 டிகிரி உயரம் வரை ஏறும். லண்டனில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கு வாய்த்திருக்கும் இந்த வானத்தை இந்த வருடமும் கோட்டை விட எனக்கு மனமில்லை.

ஆகவே 8 டிகிரி வரை இறங்கும் மவுண்டை மாற்றித் தாருங்கள். இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தந்து, பொருளைத் தங்கள் செலவிலேயே எடுத்துச் செல்லுங்கள். எத்தனை டிகிரியிலிருந்து எத்தனை டிகிரி வரை சாயும் என்பதை விற்பனைப் பக்கத்தில் விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் செய்வேன். ரசீது நகல், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், கோடு விழுந்த படங்கள் ஆகியவற்றையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்