கரகம் யாருக்காகவும் காத்திருக்கக்கூடாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, ஆத்தங்கரையில பூங்கரகம் ஜோடிச்சு ரெடியா இருக்கு, கரகம் எடுக்கிறவரு மூணு வாரம் விரதம் இருந்த மனுசன் வெறுங்காலோட தார் ரோட்டுல நிக்கிறாரு, ஆனா ஒரு அரசியல் தலைவரு இன்னும் வரலன்னு எல்லாத்தையும் நிறுத்தி வச்சிட்டாங்க. முக்கால் மணி நேரம்! வந்தவரு மாலைய வாங்கிட்டு, மேடையில ஏறி எலெக்‌ஷன் பத்தி பேசிட்டு போயிட்டாரு. மனசு ரொம்ப வலிச்சது.

அப்புறம் உறுமி மேளம். எங்கப்பா காலத்துல அந்த சத்தம் கேட்டாலே சாமி வந்துரும். இப்ப அதே உறுமியில பசங்க குத்துப்பாட்டு வாசிக்கிறாங்க, சட்டை முதுகுல நடிகர் படம், டிக்டாக்ல லைவ் வேற. பசங்கள மட்டும் குத்தம் சொல்லமாட்டேன், வீட்டுல ராத்திரி முழுக்க சீரியல் ஓடுது, தேவாரம் சொல்லிக்குடுக்க யாரு இருக்கா?

மலேசிய மந்திரியா இருந்த துன் சம்பந்தன் எங்க ஊர்க்காரரு. பெரிய தோட்டங்கள துண்டு துண்டா வித்த தோட்டத் துண்டாடல் நடந்தப்ப, 1960ல, ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுற ஜனங்ககிட்ட பத்து பத்து வெள்ளியா பணம் சேர்த்து கூட்டுறவு சங்கத்த கட்டி தோட்டத்தையே வாங்கினாரு. அதுதாங்க அரசியல். கோயிலுக்கு வராதீங்கன்னு நான் சொல்லல, வந்தா செருப்ப கழட்டிட்டு வரிசையில நில்லுங்க.

கமிட்டிக்காரங்க அடுத்த வருச நோட்டீஸ்ல கரகம் கிளம்புற நேரத்த போடுங்க, யாரு வந்தாலும் வராட்டியும் அந்த நேரத்துக்கு கிளப்பிடுங்க.

தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்